விதைக்கு அட்டை உண்டு. செல்போனுக்கு ஏன் இல்லை?

சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் நானும் என் மைத்துனரும் காரைக்குடியில் ஒரே கடையில், ஒரே நாளில், ஆளுக்கொரு செல்போன் வாங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறம். விலையும் ஒன்றுதான், ஆளுக்குப் பதினான்காயிரம் ரூபாய். எது யாருடையது என்று தெரியாமல் போகக் கூடாதே என்று என் போனின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டேன்.

மாசி மாதம் வந்தது. சிவப்புப் பொட்டு வைத்த போன் மதியத்துக்குள் உயிரை விட்டுவிடும். நாற்பது சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டும், பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். சில நாட்களில் பின்பக்கம் புடைத்து, மேல்மூடி விலகியது. மைத்துனர் போனோ இன்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "அத்தான், உங்க கைராசி அப்படி" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நிலம் கல்லல் பக்கத்தில் இருக்கிறது. நான் இருப்பது காரைக்குடியில். கிணற்று மோட்டாரைச் செல்போன் ஸ்டார்ட்டர் மூலம்தான் போடுகிறேன், நிறுத்துகிறேன். கடலை பூத்து, விழுது மண்ணில் இறங்கும் சமயம் அது. அந்த நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் விழுது இறங்காது; இறங்கினாலும் காய் திரளாது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்திருந்த இரண்டு முறை அது ஓடவே இல்லை. இரண்டு தண்ணீர் தவறியது. அறுவடையில் அது தெரிந்தது.

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில், "வயலில் வெயிலில் வைத்திருக்கிறீர்கள். உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். என் மைத்துனரும் விவசாயிதான். அவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார். அவர் போனுக்கு மட்டும் வெயில் இல்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததும், விசாரித்ததும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு யோசனையுமே இந்தக் கட்டுரை.

ஒரே விதை, ஒரே வயல்

ஒரே போல இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரே போல இருப்பதில்லை என்பது நமக்குப் புதிய விஷயமல்ல. ஒரே மூட்டையிலிருந்து எடுத்து விதைத்த நெல்லில், மடை வாயில் நிற்கும் பயிர் ஒரு மாதிரி. கடைமடையில் நிற்கும் பயிர் வேறு மாதிரி. ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே கண்ணாடியின் மேல், ஒரே அச்சில், ஒரே கை ஊற்றிய வண்ணக் கலவைதான். ஆனாலும் காய்ந்து, தண்ணீரில் ஊறி வெளிவரும் இரண்டு கற்களை அருகருகே வைத்தால் பூவின் ஓரம் ஒன்றில் சற்று விரிந்திருக்கும், மற்றொன்றில் ஒடுங்கியிருக்கும். தரையில் பதித்த பிறகு அதுவே அழகு.

செல்போனை இயந்திரம் செய்கிறதே, அதில் எப்படி வித்தியாசம் வரும் என்று கேட்கலாம். இயந்திரமும் இதே விதிக்கு உட்பட்டதுதான். போனின் மூளையாக இருக்கும் சில்லு, 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் செய்யப்படுகிறது. அந்தத் தட்டின் நடுவில் உருவாகும் சில்லுக்கும் ஓரத்தில் உருவாகும் சில்லுக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். இதையும் மடை வாய்ப் பயிர், கடைமடைப் பயிர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்று குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும், இன்னொன்று சற்று அதிகம் இழுக்கும், சூடாகும். ஆலையில் மிளகாய் வற்றலைத் தரம் பிரிப்பது போல இவற்றைப் பரிசோதித்துப் பிரிக்கிறார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் இருப்பவை எல்லாம் 'தேறியவை'. ஆனால் எல்லையின் மேல் ஓரத்தில் தேறியதும் கீழ் ஓரத்தில் தேறியதும் ஒரே பெயரில், ஒரே விலையில் கடைக்கு வருகின்றன.

பேட்டரியும் அப்படித்தான். பெட்டியில் போட்டிருக்கும் 5,000 எம்.ஏ.எச். என்ற அளவு பெரும்பாலும் 'சராசரி' அளவு. பொடி எழுத்தில் அதைவிடக் குறைந்த இன்னொரு அளவும் இருக்கும். அதுதான் குறைந்தபட்ச உத்தரவாதம். இந்த வித்தியாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இயற்கையும் தொழிலும் அப்படி. குறை சொல்ல வேண்டியது இதற்கு அடுத்த நிலையில் இருக்கிறது.

பேட்டரிக்குப் பட்ட காற்று

காரைக்குடிக்காரர்களுக்குப் பேட்டரி அந்நியமான விஷயம் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. பேட்டரி, அரிமானம் போன்றவற்றை ஆராய்வதே அதன் தொழில். லித்தியம் அயனி பேட்டரி செய்யும் நுட்பத்தைத் தொழிலுக்குக் கொடுக்க 2018ல் ஒரு தனியார் கம்பெனியோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது. நம் ஊரில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளில் பலருக்கு லித்தியம் பேட்டரியின் ஜென்ம விரோதி ஈரம் என்பது தெரியும். அதனால்தான் அதை ஈரம் நீக்கிய வறண்ட அறைக்குள் வைத்துச் செய்கிறார்கள்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் 6எஸ் 2015ல் வந்தது. அடுத்த ஆண்டு, சார்ஜ் இருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது என்று சிலர் புகார் சொன்னார்கள். என் போன் செய்த அதே வேலை! ஆப்பிள் ஆராய்ந்து பார்த்துவிட்டு 2016 நவம்பரில் உண்மையை ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்பட்ட ஒரு சிறு பகுதி போன்களில் மட்டும், பேட்டரியின் ஓர் உறுப்பு, ஒன்றாகச் சேர்க்கப்படுவதற்கு முன், இருக்க வேண்டியதைவிட அதிக நேரம் காற்றில் இருந்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். அதற்கு முந்திய மாதம் செய்ததில் குறை இல்லை. பிந்திய மாதம் செய்ததிலும் இல்லை.

களத்தில் அடித்த நெல்லை ஒருவர் நன்றாகக் காயவைத்துக் கட்டினார். பக்கத்துக் களத்துக்காரர் ஓர் இரவு பனியில் போட்டுவிட்டுக் கட்டினார். இரண்டு மூட்டையும் ஒரே ரகம், பார்வைக்கும் ஒன்று. ஆறு மாதம் கழித்து முளைப்பு பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். போனிலும் அதே கதைதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. எந்த மாதம் செய்த போனில் குறை என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. போனின் வரிசை எண்ணைக் கொடுத்தால், 'உங்கள் போன் இந்தப் பட்டியலில் இருக்கிறது, இல்லை' என்று சொல்லவும், இருந்தால் இலவசமாகப் பேட்டரி மாற்றித் தரவும் அவர்களால் முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

ஒரு பெயர், இரண்டு பட்டறை

அடுத்த காரணம், ஒரே பெயருக்குள் இரண்டு சரக்கு இருப்பது. லட்சக்கணக்கில் போன் செய்கிற கம்பெனி, ஓர் உறுப்பை ஒரே இடத்தில் வாங்கினால், அந்த இடத்தில் வேலை நின்றால் தானும் நிற்க வேண்டியதுதான். ஆகவே இரண்டு மூன்று பேரிடம் வாங்குகிறது. மேலே சொன்ன அதே ஐபோன் 6எஸ் போனின் ஏ9 சில்லைச் சில போன்களுக்கு சாம்சங் செய்தது; சில போன்களுக்குத் தைவானின் டி.எஸ்.எம்.சி. செய்தது. ஒன்றின் பரப்பு 96 சதுர மில்லிமீட்டர். மற்றது ஏறத்தாழ 104. பேட்டரி நிற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் என்று வாங்கியவர்கள் சிலர் கிளப்ப, சாதாரண உபயோகத்தில் 2, 3 சதவீதம்தான் என்றது ஆப்பிள். 2, 3 சதவீதம் சிறிது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தன் கையில் இருப்பது எந்தப் பட்டறைச் சில்லு என்பது பெட்டியைப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

சாம்சங் கேலக்சி நோட் 7 கதை இதைவிடக் கடுமையானது. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அந்தப் போன்கள் சில தீப்பற்றின. திரும்பப் பெற்றார்கள். பேட்டரி வேறு ஓர் இடத்திலிருந்தும் வருகிறது, அதில் குறை இல்லை என்று அந்தப் பேட்டரி வைத்த போன்களைக் கொடுத்தார்கள். அவையும் தீப்பற்றின. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பிறகு 700 பேர் கொண்ட குழு 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் பரிசோதித்து, 2017 ஜனவரியில் காரணம் சொன்னது. ஒரு கம்பெனிப் பேட்டரியில் உறை இறுக்கமாக இருந்து உள்ளிருக்கும் எதிர்மின் தகட்டின் மூலை மடங்கிப்போனது. மற்றதில் பற்றவைப்பின் பிசிறு நீட்டிக்கொண்டு நடுவிலுள்ள தடுப்புத் தாளைக் குத்தியது. ஒரே போனுக்கு இரண்டு பேட்டரி; இரண்டிலும் குறை, ஆனால் இரண்டும் வேறு வேறு குறை.

நாட்டுக்கு நாடு சரக்கை மாற்றுவதும் உண்டு. சாம்சங் கேலக்சி எஸ்20 என்ற விலை உயர்ந்த போன் 2020ல் வந்தபோது அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சில்லோடு விற்றார்கள். இந்தியாவில் அதே பெயர்ப் போனில் எக்ஸினாஸ் என்ற வேறு சில்லு இருந்தது. நெல்லின் பெயர் ஒன்று, அரிசி வேறு என்றால் நாம் வியாபாரியைச் சும்மா விடுவோமா?

வாங்கி நான்கு வருஷம் ஆன பிறகும் இந்த வித்தியாசம் தலை காட்டும். கூகுள் கம்பெனி 2025 ஜனவரியில், தன் பிக்சல் 4ஏ போன்களில் சிலவற்றின் பேட்டரி கொள்ளும் சார்ஜைக் குறைக்கும்படி ஒரு மென்பொருள் மாற்றத்தை அனுப்பியது. காரணம் சூடாகும் அபாயம். எல்லாப் பிக்சல் 4ஏ போன்களுக்கும் இது பொருந்தவில்லை, சிலவற்றுக்கு மட்டும். காலையில் ஒருவர் போன் வழக்கம் போல ஓடியது. அதே போன் வைத்திருந்த இன்னொருவருக்கு அரை நாள் கூட நிற்கவில்லை.

வயலில் பிறந்த கணக்கு

இந்த வித்தியாசங்களை அளக்கும் கணக்கு பெருமளவு வயலில் பிறந்தது என்பது விவசாயிகளுக்குப் பெருமை தரும் செய்தி. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் 1919ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், ஒரே உரம் போட்ட இரண்டு பாத்திகளில் மகசூல் ஏன் மாறுகிறது, எவ்வளவு மாறினால் அது உரத்தின் வேலை, எவ்வளவு மாறினால் அது மண்ணின் வேலை என்று பிரித்துப் பார்க்கும் கணக்கை உண்டாக்கினார். 1924 மே 16ல், டெலிபோன் கருவிகள் செய்த அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எல்லாப் பொருளிலும் இயல்பாக இருக்கும் வித்தியாசம் ஒன்று. ஏதோ தவறு நடந்ததால் வரும் வித்தியாசம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு கோட்டுப் படம் போதும் என்றார். அந்தப் படத்தைத்தான் இன்றும் உலகத்துத் தொழிற்சாலைகள் பின்பற்றுகின்றன. மகாலனோபிஸ் அழைப்பின் பேரில் 1947-48ல் அவர் நம் நாட்டுக்கும் வந்து இதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

ஆக, எந்த நாள், எந்த வரிசையில், எந்தத் தொகுதியில் தவறு நுழைந்தது என்று கம்பெனிக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நூறு ஆண்டாகவே இருக்கிறது.

அவர்கள் சதவீதம், நம் ஒன்று

இங்கேதான் கம்பெனிக்கும் நமக்கும் கணக்கு வேறுபடுகிறது. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். நூற்றில் இருபது முளைக்காவிட்டாலும் சட்டப்படி அது நல்ல விதைதான். நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம். ஏனென்றால் நாம் விதைப்பது ஒரு மணி அல்ல, லட்சக்கணக்கான மணி. முளைத்தவை வயலை நிரப்பிவிடும்.

செல்போன் அப்படியா? நூறு போனில் மூன்றுதான் பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு அது மூன்று சதவீதம். அந்த மூன்றில் ஒன்றை வாங்கியவனுக்கோ நூறு சதவீதம். அவனிடம் இருப்பது ஒரே போன். அதில்தான் மோட்டார், அதில்தான் வங்கி, அதில்தான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கான ஓ.டி.பி., அதில்தான் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு. மானியம், விலை நிலவரம் எல்லாவற்றையும் 2018ல் வந்த உழவன் செயலியில் பார் என்கிறது அரசாங்கம். விவசாயியின் ஏர், மாடு, பத்திரப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு கைப்பெட்டிக்குள் வைத்த பிறகு, அந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லையென்றால் எப்படி?

ஊரார் சொல்லை நம்பி வாங்குவதில் உள்ள பிசகும் இதில் விளங்கும். பழுதான மூவர், "அந்தக் கம்பெனி போனே வாங்காதே" என்பார்கள். மற்ற தொண்ணூற்றேழு பேரும், "என்னுடையது பழுதாகவே இல்லை; உனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்பார்கள். இருவர் சொல்வதும் அவரவர் அனுபவத்தில் உண்மை. ஆனால் இரண்டில் எதுவும் அந்த மாடலைப் பற்றிய உண்மை ஆகாது.

நம் பங்கும் உண்டு

எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் கூடாது. போன்களைப் பொதுவாக 35 டிகிரி வெப்பம் வரை உபயோகிக்கத் திட்டமிட்டுச் செய்கிறார்கள். நம் சீமையில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது. மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே, டிராக்டரின் முன்பலகை மேலே போனை வைத்தால் பேட்டரி வெந்துபோகும். டவர் எட்டாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடி, டவருக்குக் கீழே இருக்கும் போனைவிட அதிக சார்ஜைத் தின்றுவிடும். முழு சார்ஜில் இரவெல்லாம் மின்சாரத்தில் மாட்டி வைப்பதும், அடியோடு தீரும் வரை விடுவதும் ஆயுளைக் குறைக்கும். கடையிலேயே பல மாதம் வெயில் படும் அலமாரியில் கிடந்த போன், வாங்கும் நாளிலேயே கொஞ்சம் கிழடு தட்டியதுதான்.

ஆனால் ஒரே மாதிரி உபயோகித்த இரண்டு போனில் ஒன்று மட்டும் ஏழு மாதத்தில் புடைத்தால், அதற்கும் 'உங்கள் உபயோகம்' என்ற ஒரே பதிலைச் சொல்வது நியாயமல்ல. தொழிற்சாலைகளில் ஒரு பழமொழி போலச் சொல்வார்கள்: பொருளின் வாழ்நாளில் பழுது அதிகம் வருவது முதலில், அல்லது கடைசியில். முதலில் வருவது பெரும்பாலும் செய்ததில் உள்ள குறை. கடைசியில் வருவது தேய்மானம். நாற்றங்காலில் சாகும் பயிரையும் கதிர் முற்றிச் சாயும் பயிரையும் ஒன்றாகப் பேசலாமா?

விதைக்கு உள்ளது போல

இப்போது என் யோசனைக்கு வருகிறேன். விதைச் சட்டம் 1966ல் வந்தது. அதன் பலனாக இன்று நாம் வாங்கும் சான்று விதை மூட்டையில் நீல அட்டை தொங்குகிறது. அதில் ரகம் இருக்கிறது. குவியல் எண் இருக்கிறது. பரிசோதனை செய்த நாளும், எது வரை செல்லும் என்ற நாளும் இருக்கின்றன. விதை முளைக்கவில்லை என்றால் குவியல் எண்ணைச் சொல்கிறோம். அந்தக் குவியலில் வாங்கிய மற்றவர்கள் வயலும் இப்படித்தானா என்று அதிகாரிகள் பார்க்க முடிகிறது. சட்டம் எல்லா இடத்திலும் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்துக் கேட்க ஒரு நுனி இருக்கிறது.

சில நூறு ரூபாய் விதை மூட்டைக்கு இந்த அட்டை. பதினான்காயிரம் ரூபாய் போனுக்கு? தயாரித்த மாதமும், 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும், பாதுகாப்புக்கான பதிவு எண்ணும் இருக்கின்றன. பேட்டரி யார் செய்தது, எந்தத் தொகுதி, எத்தனை முறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்ற விவரம் நம் கைக்கு வருவதில்லை. பாதுகாப்புப் பதிவு என்பது வெடிக்காது என்பதற்கான பரிசோதனை. உழைக்கும் என்பதற்கு அல்ல.

'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்பவர்களுக்கு ஐரோப்பாவைக் காட்டுகிறேன். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் செல்போன்களுக்கு அட்டை கட்டாயம். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எளிதா கடினமா, பேட்டரி எத்தனை சுற்று தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். விற்பனை நின்று 7 ஆண்டு வரை முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். அதே கம்பெனிகள்தான் இங்கும் விற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் செங்கல்பட்டு பக்கத்திலும் நம் பிள்ளைகள் கையால் செய்யும் போன்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. வெளிநாட்டானுக்கு ஓர் அட்டையோடு போகும் போன் நமக்கு அட்டை இல்லாமல் வருவதில் என்ன நியாயம்?

விலை ஏறும் என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். ஏழு மாதத்தில் இன்னொரு போன் வாங்கும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும். தொகுதி விவரத்தைச் சொன்னால் வியாபார ரகசியம் போகும் என்பார்கள். 2016ல் வரிசை எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆப்பிள் சொன்னபோது எந்த ரகசியமும் போய்விடவில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, போன் பெட்டியிலும் போனுக்குள்ளும் பேட்டரியின் தயாரிப்பாளர், தொகுதி, ஆயுள் சுற்று எழுதப்பட வேண்டும். இரண்டு, ஒரு தொகுதியில் குறை என்று கம்பெனிக்குத் தெரிந்த உடனே ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துப் பார்க்கும்படி பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். மூன்று, உத்தரவாதக் காலத்தில் பழுது வந்தால், 'உபயோகித்தவர் குற்றம்' என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையதாக இருக்க வேண்டும்; விவசாயியுடையதாக அல்ல.

இந்த மூன்றாவது கேள்வி புதியது அல்ல. விதை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2012ல் இதை ஒட்டிப் பேசியிருக்கிறது. தேசிய விதைக் கழகத்துக்கு எதிரான அந்த வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பானது. விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி, பரிசோதனைக்கு மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் நீதிமன்றம் கருதியது. போனைப் பிரித்துப் பார்க்கும் கருவி நம் வீட்டில் மட்டும் இருக்கிறதா?

அது வரை செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். சில விஷயங்களை இப்போதே கவனிக்கலாம்.

பெட்டி மேல் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதானால் வேறு கேளுங்கள்.

வாங்கும் இடத்திலேயே நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் எழுதி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்த மாடலின் எண் என்று அரசாங்கமே பதில் சொல்லும். பழைய போனைப் புதியதாகக் காட்டி விற்பவர்கள் இதில் பெரும்பாலும் அகப்படுவார்கள்.

முதல் மாதம் போனை நன்றாக உபயோகியுங்கள். புதுப் போன் என்று பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். செய்ததில் குறை இருந்தால் அப்போதே வெளிப்பட வேண்டும்.

பில்லையும், சர்வீஸ் நிலையத்தில் கொடுக்கும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொல்லும் பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பில் உள்ள குறைக்கும், சொன்ன அளவிலிருந்து மாறிய பொருளுக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

மோட்டாரைப் போன் ஸ்டார்ட்டரில் ஓட்டுபவர்கள், வீட்டில் இன்னொரு எண்ணையும் அதில் பதிந்து வையுங்கள். பட்டன் போனாக இருந்தாலும் போதும். நான் இதைச் செய்யாததால்தான் இரண்டு தண்ணீரை இழந்தேன்.

புடைத்த பேட்டரியை ஒரு போதும் குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். தீப்பிடிக்கும்.

நான் இப்போது வேறு போன் வைத்திருக்கிறேன். சிவப்புப் பொட்டுப் போனைச் சர்வீஸ் சீட்டோடு ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், மனுவும் எழுதியாகிவிட்டது. மைத்துனர் இன்னும் கைராசி என்றே சொல்கிறார். நம் தாத்தா காலத்தில் விதை முளைக்காவிட்டாலும் கைராசி என்றுதான் சொன்னார்கள். நீல அட்டை வந்த பிறகு யாரும் அப்படிச் சொல்வதில்லை. குவியல் எண் என்ன என்று கேட்கிறார்கள். போன் வாங்கும் நாமும் அப்படிக் கேட்கத் தொடங்க வேண்டும்.